நரிக்கடையின் ஐந்தாவது புத்தகம்

வியாழக்கிழமை, காலை 9.10.

நரிக்கடையின் கண்ணாடி அலுமாரியில் ஐந்து புத்தகங்கள் இருக்க வேண்டும். நான்குதான் இருந்தன. ஐந்தாவது இருந்த இடத்தில், கீழே விரித்திருந்த பச்சைத் துணி நிறம் மங்காமல் நீள்சதுரமாகத் தெரிந்தது. பூட்டு உடையவில்லை. கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை.

ஜன்னல் திறக்க வந்த ராயப்பன் வாய் திறந்தபடி நின்றார். அறுபத்தைந்து வருஷ வாழ்க்கையில் அவர் வீட்டில் எதுவும் களவு போனதில்லை. களவெடுக்கிற அளவுக்கு அங்கே எதுவும் இருந்ததில்லை என்பது வேறு விஷயம். "சின்னதொர! சின்னதொர!" என்று கத்திக்கொண்டு தோட்ட ஒப்பீசுக்கு ஓடினார்.

9.25. உதவி முகாமையாளர் கிருஷாந்த் வந்தான். வயது இருபத்தேழு, சட்டைப் பையில் மூன்று ஈட்டி முனைகள் துருத்திக்கொண்டிருந்தன. அலுமாரிக்கு அடியில் குனிந்து பார்த்தவன் பழுப்பேறிய ஒரு தாளை இழுத்தெடுத்தான். ஆங்கிலக் கையெழுத்து. வாசித்து முடித்ததும் அவன் முகம் மாறியது.

"ராயப்பன், இந்தப் புத்தகம் காணாமப் போனா யாருக்கு லாபம்னு இப்பதான் விளங்குது."

"என்னங்க சொல்றீங்க?"

"ஒங்கப்பா களவாணின்னு இதுல எழுதியிருக்கு. சனிக்கிழமை பதினொரு மணிக்கு கம்பனிக் கார் வருது. அதுக்குள்ள புத்தகம் அலுமாரியில இருக்கணும். இல்லாட்டி நீங்க இருக்கிற பின்வீட்டக் காலி பண்ணச் சொல்லிக் கடிதம் வரும். ஹரித, வெளங்குதா?"

ராயப்பனுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. 'களவாணி' என்ற சொல்லுக்குப் பிறகு சொன்ன எதுவும் அவர் காதில் விழவுமில்லை.

கதைக்குள் போகுமுன் நரிக்கடையைச் சொல்லிவிட வேண்டும். கரவனெல்லயிலிருந்து அரைமணி நேர பஸ் பயணம், ஓல்ட்ஃபீல்ட் இறப்பர் தோட்டம். 1913இல் அங்கே துரையாக இருந்த ஹெட்லிக்கு ஊர் ஞாபகம் தாங்க முடியவில்லை. தன் இங்கிலாந்து கிராமத்து மதுக்கடையை அப்படியே இறப்பர் மரங்களுக்கு நடுவில் கட்டினார். தாழ்ந்த கூரை, கறுத்த உத்தரம், பனியே விழாத ஊரில் ஒரு கணப்படுப்பு. வாசலில் சிவப்பு நரி படம் போட்ட பலகை. கடைக்கு அவர் வைத்த நீண்ட ஆங்கிலப் பெயரை யாரும் சட்டை செய்யவில்லை. படத்தைப் பார்த்து நரிக்கடை என்றார்கள். அதை நடத்துபவர் கடைத்துரை ஆனார்.

கடைத்துரைமாரின் பெயர்கள் உள்ளே ஒரு பலகையில் தங்க எழுத்தில் இருக்கின்றன. முதலாவது, ஒற்றைக் கால் ஜோர்ஜ் டன். இரண்டாவது, அவர் செத்த பிறகு நடத்திய அவர் மனைவி. குடித்துவிட்டுப் பாட்டுப் பாடிய துரைமாரைக் காதைப் பிடித்து வெளியே விட்ட மகராசி. மூன்றாவது, ரயில்வே கார்ட் வேலையை விட்டு வந்த ஒரு பறங்கியர். நான்காவது, யுத்தம் முடிந்து ஊர் திரும்ப மறந்துபோன ஒரு சார்ஜன்ட். ஐந்தாவது, ஆர்தர் பிளேக். ஒவ்வொருவரும் ஒரு நாட்குறிப்புப் புத்தகம் எழுதிவைத்துவிட்டுப் போனார்கள். பிளேக் 1968இல் கப்பல் ஏறினார். ஆறாவது இடம் பலகையில் காலியாக இருக்கிறது.

அந்த ஆறாவது ஆள் தன் அப்பா சவரிமுத்து என்பது ராயப்பனின் வாக்கு. தோட்டம் அரசாங்கத்துக்குப் போய்க் கடை மூடப்படும்வரை நடத்தியது அவர்தான். அதன்பின் குடும்பம் பின்வீட்டிலேயே தங்கிவிட்டது. இத்தனை வருஷமும் கட்டடத்தைத் துடைத்துக் காப்பாற்றியது ராயப்பன். இப்போது கம்பனி நரிக்கடையை உல்லாசப் பயணிகளுக்காகத் திறக்கப்போகிறது. பிளேக்கின் புத்தகத்தில் சான்று இருந்தால் சனிக்கிழமை சவரிமுத்துவின் பெயர் பலகையில் ஏறும், பின்வீடு எழுத்தில் கிடைக்கும். இல்லையென்றால் அந்த இடத்தில் பயணிகளுக்குச் சமைக்கும் குசினி வரும். அந்தக் குசினிக்குப் படம் வரைந்து வைத்திருப்பது கிருஷாந்த்.

காலை 11.40.

கரவனெல்ல பஸ் நிலையத்தில் நேரக்காப்பாளர் ஹஸீபின் பலகைக் கூண்டுக்கு முன்னால் அனிற்றா வந்து நின்றாள். ராயப்பனின் மகள், ஆஸ்பத்திரியில் தாதி. பத்து வருஷமாக அவள் ஏறும் பஸ்ஸுக்கு நேரம் போடுகிறவர் ஹஸீப். பஸ்ஸில் தொலைந்த குடை, பொதி, ஒருமுறை ஒரு மாப்பிள்ளை என்று பலதையும் கண்டுபிடித்துக் கொடுத்தவர். இதற்காகச் சம்பளம் கூடவில்லை. தலைக்கனம் மட்டும் கொஞ்சம் கூடியிருந்தது.

கூண்டுக்குள் சட்டம் போட்ட ஒரு பழைய கால அட்டவணை தொங்கும். 1967ஆம் வருஷத்தது. அதில் ஞாயிற்றுக்கிழமைக்கென்று தனி நேரமே கிடையாது. ஏன் என்று கேட்பவர்களுக்கு மட்டும் ஹஸீப் விளக்கம் சொல்வார். யாரும் கேட்பதில்லை என்பது அவருடைய நீண்டகால மனக்குறை.

"ஹஸீப் நானா, அப்பா காலையிலருந்து பச்சத் தண்ணி குடிக்கல," என்றாள் அனிற்றா. "வீடு போனா லயத்து வரிசை வீட்டுல ஒரு மூலையப் பார்த்துக்குவோம். தாத்தாவக் களவாணின்னு சொன்னதுதான் அவருக்குத் தாங்கல."

"ஒங்கப்பா எடுத்திருக்க மாட்டாரா மிஸ்?"

"அவரு எடுத்தா, எடுத்தேன்னு அவரே போய்ச் சொல்லிட்டு வந்துருவாரு."

ஹஸீப் மணியைப் பார்த்தார். "ஒரு மணிக்கு ட்யூட்டி முடியுது. ஒண்ணேகால் பஸ்ஸுல வாறேன். சாராயக் கடைக்குள்ள போனேன்னு பள்ளிவாசல் பக்கம் மட்டும் யாரும் சொல்லிடாதீங்க."

"கடையில சாராயம் இருந்து அம்பது வருஷமாச்சு நானா."

"அப்ப சரி."

பிற்பகல் 1.50.

ஹஸீப் பிளேன்டீயைக் கையில் வைத்துக்கொண்டு நரிக்கடையை ஒரு சுற்றுச் சுற்றினார். அலுமாரிச் சாவி, எல்லோருக்கும் தெரிந்த ஓர் ஆணியில் தொங்கியது. ஆகவே அது துப்பே அல்ல. மீதி நான்கு புத்தகங்களையும் எடுத்துக் கடைசிவரை புரட்டிப் பார்த்தார். முன்கதவுச் சாவி மூன்று. ஒன்று ராயப்பனிடம், ஒன்று கிருஷாந்திடம், மூன்றாவது ஆசிரியர் ரெஜினோல்டிடம்.

சுவரில் பதித்த ஒரு மரப்பெட்டியின் கதவைத் திறந்தார். உள்ளே ஒரு வட்டப் பலகை, சுற்றிலும் எண்கள். உச்சியில் பன்னிரண்டு. மணிக்கூடு போல என்று சந்தோஷப்பட்டார். ஆனால் பன்னிரண்டுக்கு அடுத்து ஒன்று வரவில்லை, ஐந்து வந்தது. அதற்கடுத்தது இருபது. வரிசை இல்லாத எண்களைக் கண்டால் நேரக்காப்பாளர் மனம் நோகும். கதவை மூடிவிட்டார்.

முதலில் கிருஷாந்த்.

"பையில என்ன அது?"

"டார்ட்ஸ். பலகைக்கு எறியிற சின்ன ஈட்டி. கேம்பஸ் டீம்ல இருந்தேன். வேல முடிஞ்சு இங்க அரை மணித்தியாலம் எறிவேன்."

"கடைசியா எப்ப?"

"நேத்து பின்னேரம் அஞ்சரைலருந்து ஆறு. அப்ப அஞ்சு புத்தகமும் இருந்திச்சு."

"இன்னைக்கு எறியலயா?"

"இந்தக் கரச்சல்ல எங்க எறியிறது?"

"பின்வீடு இருக்கிற எடத்துல குசினி கட்ட நீங்க படம் கீறி வெச்சிருக்கீங்களாம்."

கிருஷாந்துக்குச் சுருக்கென்றது. "படம் கீறச் சொன்னது கம்பனி. புத்தகத்தத் தூக்கச் சொல்லல."

அடுத்து ராயப்பன். நேற்று மாலை ஆறேகாலுக்குப் பூட்டினார். ஐந்து புத்தகமும் இருந்தன. இன்று 9.10க்குத் திறந்தார். அவ்வளவுதான். கேள்வி கேட்டவரைவிட அவர்தான் களைத்துப்போயிருந்தார்.

"ஒங்கப்பா கடைய விட்டுப் போகச் சொல்லி யாராச்சும் அனுப்பினாங்களா?"

"இல்லீங்க. பிளேக் தொரை கப்பலேறின அன்னைக்கு சாவிய அப்பா கையில குடுத்துட்டுத்தான் போனாரு. நான் பக்கத்துல நின்னேன். எனக்கு எட்டு வயசு."

"களவுன்னு ஒரு பேச்சு அந்தக் காலத்துல இருந்திச்சா?"

ராயப்பன் மேசையைக் கையால் துடைத்தார். "எங்கப்பா மேல இல்ல," என்றார்.

கடைசியாக ரெஜினோல்ட். நாற்பத்தொன்பது வயது, தோட்டப் பாடசாலையில் ஆங்கில ஆசிரியர். நரிக்கடையின் வரலாற்றை எழுதக் கம்பனி அவரைத்தான் பிடித்திருந்தது. ஆறு மாதமாக அந்தப் புத்தகங்களோடு குடும்பம் நடத்துகிறார். அவருடைய அப்பா பீட்டர், பிளேக் காலத்தில் இங்கே பார்மேன். பிறகு வேறு தோட்டத்துக்குப் போய்விட்டவர். இறந்து இருபது வருஷமாகிறது.

"காலையில ஆறரைக்கு வந்தேன். ஒரு தேதி பார்க்கணும். ஏழு மணிக்கு ஸ்கூலுக்குப் போயிட்டேன். அப்ப அஞ்சும் இருந்துச்சு," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "போலீஸுக்கெல்லாம் போக வேணாங்க. ராயப்பன் அண்ணன் பாவம். அவங்க அப்பா பேரு கெட்டுரும்னு எடுத்திருப்பாரு. நானா இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பேன்."

"நல்ல மனசு ஒங்களுக்கு," என்றார் ஹஸீப். "அந்தத் தாளக் கொஞ்சம் வாசிச்சுச் சொல்லுங்க சேர்."

ரெஜினோல்ட் வாசித்துத் தமிழில் சொன்னார்: "11 ஆகஸ்ட் 1968, ஞாயிறு. தோட்டத்துக்கு விடுமுறை. பூசை முடிந்ததும் ஆட்கள் வந்து கடை நிரம்பிவிட்டது. இந்த நெரிசலில் சவரி இரண்டு போத்தலைச் சட்டைக்குள் மறைத்ததைக் கண்டேன். சாவியைத் திருப்பி வாங்கிவிட்டேன்."

"கையெழுத்து பிளேக்கோடதா?"

"அச்சு அசலா அவரோடது. தாளும் அந்தக் காலத்துத் தாள்."

"சரி. ஒரு புத்தகத்தையே தூக்கிட்டுப் போற ஆளு, மறைக்க வேண்டிய ஒரே ஒரு தாள மட்டும் அலுமாரிக்கடியில விட்டுட்டுப் போவானா?"

"பழைய தையல். பிஞ்சு விழுந்திருக்கும்," என்றான் அருகில் நின்ற கிருஷாந்த்.

"இருக்கலாம்," என்றார் ஹஸீப். "சேர், நீங்க எழுதுற வரலாற்ற ரெண்டு நாளைக்குத் தருவீங்களா? எனக்கு வாசிக்க ஆசை."

தன் எழுத்தை வாசிக்க ஒருவர் ஆசைப்படுகிறார் என்றால் எந்த எழுத்தாளர் மறுப்பார்? ரெஜினோல்ட் கைப்பிரதியை அந்த இடத்திலேயே கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை, மாலை 4.20.

மழை. பஸ்கள் பிந்தின. ஹஸீப் கூண்டுக்குள் கைப்பிரதியைப் புரட்டினார். நல்ல எழுத்து. டன் அம்மாள் காதைப் பிடித்து இழுக்கிற இடத்தில் வாய்விட்டுச் சிரித்தார். முப்பத்தொன்றாம் பக்கத்தில் ஒரு பழைய புகைப்படம்: பிளேக்கும் இளம் சவரிமுத்துவும், அவர்களுக்கு நடுவில் சுவரில் எண் வட்டம். அந்தப் படத்தைக் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், போட்டும் பார்த்தார்.

முப்பத்துநான்காம் பக்கத்தில் ரெஜினோல்ட் இப்படி எழுதியிருந்தார்: 'பிளேக் அதிகம் எழுதுகிறவர் அல்லர். தேதியைப் போட்டு இரண்டு வரி, சில நாட்களில் "இன்று விடுமுறை" என்று ஒரு வரி. கிழமையை அவர் குறிப்பதே இல்லை. ஆயினும் அந்த நாட்களை நாம் கற்பனை செய்யலாம். அறுபதுகளின் கடைசியில் ஞாயிறு என்றால் இறப்பர்ப் பால்வெட்டு இல்லை. பூசை முடிந்து வெள்ளைச் சட்டையில் ஆட்கள் நரிக்கடைக்கு நடந்து வருவார்கள்.'

ஹஸீப் கைப்பிரதியை மூடினார். எழுந்து ஆணியிலிருந்து தன் பழைய கால அட்டவணையைக் கழற்றி, துடைத்து, ஒரு சீலைப் பைக்குள் வைத்தார். ஒருவழியாக அதைப் பற்றி யாரிடமாவது விளக்கம் சொல்லும் நாள் வந்துவிட்டது.

சனிக்கிழமை, காலை 9.45.

நரிக்கடையில் நான்கு பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். ராயப்பன், அனிற்றா, கிருஷாந்த், ரெஜினோல்ட். பின்வீட்டு வாசலில் இரண்டு பெட்டிகள் கட்டி வைக்கப்பட்டிருந்தன. அவற்றைப் பார்த்துவிட்டு ஹஸீப் மேசைக்கு வந்தார்.

"கார் வர ஒண்ணேகால் மணித்தியாலம் இருக்கு," என்று தொடங்கினார். "மொதல்ல இந்தத் தாள். இது பொய்."

"தாள் பழசு நானா," என்றான் கிருஷாந்த்.

"பழைய தாளுக்கு எங்கயும் போக வேணாம் தம்பி. நாலாவது புத்தகத்த எடுத்துக் கடைசிப் பக்கத்தப் பாருங்க. சார்ஜன்ட் எழுதாம விட்ட வெறும் தாள்கள். அதுல ஒண்ணு சவரப் பிளேட்டால வெட்டியிருக்கு. அடிக்கட்டை நிக்குது."

கிருஷாந்த் புத்தகத்தைத் திறந்தான். அடிக்கட்டை நின்றது.

"எழுதினவரு கெட்டிக்காரர். கையெழுத்து அப்படியே. 1968 ஆகஸ்ட் பதினொண்ணு என்ன கிழமைன்னு தேடிப் பார்த்து ஞாயிறுன்னு போட்டிருக்காரு. அதுவும் சரி. ஒண்ணுதான் அவருக்குத் தெரியல. ராயப்பன் அண்ணே, ஒங்களுக்கு எட்டு வயசுல ஞாயித்துக்கிழமை பகல்ல எங்க இருப்பீங்க?"

"பள்ளிக்கூடத்துலதான்," என்றார் ராயப்பன். என்ன இது கேள்வி என்பது போலிருந்தது அவர் பார்வை. "வெள்ளன பூசைக்குப் போயிட்டு நாங்க பள்ளிக்கூடம், அம்மா பால்வெட்டுக்கு."

"ஞாயிறு பள்ளிக்கூடமா?" என்றாள் அனிற்றா.

"அப்பல்லாம் போயா நிலா நாளுக்குத்தானே லீவு."

ஹஸீப் சீலைப் பையிலிருந்து அட்டவணையை எடுத்து மேசையில் வைத்தார். அவர் முகத்தில் தெரிந்த பெருமையை மன்னித்துவிடலாம். "பாருங்க. 1967. போயாவுக்கு ஒரு நேரம், போயாவுக்கு முந்தின நாளுக்கு ஒரு நேரம். ஞாயிறுக்குத் தனி நேரமே இல்ல. அறுபத்தாறுலருந்து அஞ்சு வருஷத்துக்கு மேல இந்த நாட்டுல நிலாவப் பார்த்துத்தான் வாராந்த லீவு. ஞாயிறு, மத்த நாள் மாதிரி ஒரு வேல நாள். அந்த ஞாயித்துக்கிழமை தோட்டத்துக்கு லீவும் இல்ல, பகல்ல கடை நெறையவும் இல்ல. இத எழுதினவரு அந்தக் காலத்துல வாழ்ந்தவர் இல்ல. பிளேக் 'இன்று விடுமுறை'ன்னு எழுதினதையெல்லாம் ஞாயிறுன்னு எடுத்துக்கிட்டவர்."

கிருஷாந்த் வியர்வையைத் துடைத்தான். "நானும்தான் அப்ப பொறக்கல. என்னச் சொல்றீங்களா?"

"அதுக்குத்தான் ரெண்டாவது கேள்வி. இந்தப் பெட்டிக்குள்ள டார்ட்ஸ் எறியிற ஒரு வட்டப் பலகை இருக்கு. அதுல மேல என்ன நம்பர்? தெறக்காம சொல்லுங்க."

"இருபது," என்றான் கிருஷாந்த் உடனே.

"இருபதுங்க," என்றார் ராயப்பன். "சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை கழட்டித் துடைச்சு மாட்டுறேனே. அப்பா சொல்லித் தந்தது."

"சேர் நீங்க?"

ரெஜினோல்ட் உதட்டை நனைத்துக்கொண்டார். "பன்னிரண்டு. மணிக்கூடு மாதிரி."

"நானும் முந்தாநாள் அப்படித்தான் நெனச்சேன்," என்றார் ஹஸீப், பெட்டிக் கதவைத் திறந்தபடி.

உச்சியில் பன்னிரண்டு.

கிருஷாந்த் எழுந்துவிட்டான். "இது பிழை! புதன்கிழமை நான் எறியக்குள்ள இருபது மேலதான் இருந்திச்சு. யாரு கழட்டினது?"

"நீங்க கழட்டியிருந்தா இருபத மேல வெச்சு மாட்டியிருப்பீங்க. ராயப்பன் அண்ணனும் அப்படித்தான். சேரோட முப்பத்தொண்ணாம் பக்கத்துப் படத்துலயும் இருபதுதான் மேல இருக்கு. அந்தப் படத்த ஒட்டினவரு அதக் கவனிக்கல. முப்பத்துநாலாம் பக்கத்துலயும் ஞாயிறுன்னா லீவுன்னுதான் எழுதியிருக்காரு. புதன் ஆறேகாலுக்குப் பூட்டினதுக்குப் பிறகு, வியாழன் ஒன்பது பத்துக்கு முன்ன, உள்ள வந்தேன்னு சொன்னது ஒரே ஆள். காலை ஆறரை. அவசரத்துல கழட்டினாரு. திரும்ப மாட்டுறப்ப எது மேலன்னு ஞாபகம் இல்ல. படிச்ச மனுசன், யோசிச்சு பன்னிரண்ட மேல வெச்சாரு."

அவர் வட்டப் பலகையைத் தூக்கினார். பின்னால் கல்சுவரில் ஒரு குழி. குழிக்குள் பொலித்தீனில் சுற்றிய புத்தகம்.

அனிற்றா அதை வாங்கிப் பிரித்தாள். ஆகஸ்ட் மாதத்தைத் தேடி, மெதுவாகத் தமிழில் சொன்னாள்.

"ஆகஸ்ட் 8. இன்று விடுமுறை, கடை பூட்டு." நிமிர்ந்தாள். "கிழமை போடல."

"வியாழக்கிழமை," என்றார் ஹஸீப். "முழு நிலா. நான் பார்த்துட்டேன். வாசிங்க மிஸ்."

"பின்கதவால் பீட்டர் இரண்டு போத்தலோடு போனதை நானே கண்டேன். போலீஸுக்கு ஆள் அனுப்பப் போனேன். சவரி வாசலை மறித்து நின்றுகொண்டான். பீட்டருக்குக் கல்யாணம் பேசியிருக்கிறது, பெண் வீட்டாருக்குத் தெரிந்தால் அவன் வாழ்க்கையே போய்விடும் என்றான். பீட்டரை வேறு தோட்டத்துக்கு அனுப்பிவிட்டேன். இதை வெளியே சொல்வதில்லை என்று சவரியிடம் சத்தியம் செய்தேன். அவனும் செய்தான்."

அவள் பக்கத்தைப் புரட்டினாள். "ஆகஸ்ட் 27. சாவியைச் சவரியிடம் கொடுத்தேன். இனி அவன்தான் இந்தக் கடையின் ஆறாவது துரை. வாசலில் நரி தொங்கும் வரை பின்வீடு அவனுக்கும் அவன் குடும்பத்துக்கும்."

ரெஜினோல்ட் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆங்கிலப் பாடத்தில் தடுமாறும் பிள்ளை போலத்தான் அவருடைய பேச்சு வந்தது. "எங்கப்பா நரிக்கடைல வேல செஞ்சேன்னு சாகும் வரைக்கும் பெருமையா சொல்லுவாரு. அதுக்காகத்தான் இந்த வரலாற்ற எழுத ஒத்துக்கிட்டேன். போன வாரம் அந்தப் பக்கம் வந்துச்சு. அதுக்கு மேல வாசிக்க முடியல. கண்ணாடிக்குள்ள விரிச்சு வெச்சு, வாற போற ஆளெல்லாம் படம் எடுக்கப்போறாங்கன்னு..." நிறுத்தினார். "புத்தகம் மட்டும் காணாமப் போனா எல்லாரும் தேடுவாங்க. அண்ணன் எடுத்தாருன்னா யாரும் தேட மாட்டாங்க. அதுதான் செஞ்சேன்."

"எங்கப்பாவக் களவாணின்னு எழுதினீங்களே சேர்," என்றாள் அனிற்றா. அழுகையைவிடக் கோபம்தான் கூடுதலாக இருந்தது.

"அவ தாத்தாவச் சொல்றா," என்றார் ராயப்பன் அமைதியாக. "கோவத்துல மொறை மாறிப்போச்சு."

ஹஸீபுக்கு ஒரு விஷயம் மட்டும் இன்னும் ஒட்டவில்லை. "சேர், ஆறு மைல் தள்ளி ஆறு ஓடுது. இங்கயே கணப்படுப்பு இருக்கு. புத்தகத்த எரிச்சிருந்தா நான் தலைகீழா நின்னாலும் கண்டுபிடிச்சிருக்க முடியாது. ஏன் வெச்சீங்க?"

ரெஜினோல்ட் கணப்படுப்பைப் பார்த்தார். "கொண்டு போய் அடுப்புல வெச்சேன். நெருப்புப் பெட்டியும் கையில இருந்துச்சு. ஆனா எங்கப்பா பேரு எழுதியிருக்கிற எடம் இந்த ஒலகத்துல அது ஒண்ணுதான். எரிக்க மனசு வரல."

வெளியே எங்கோ மரத்திலிருந்து இறப்பர்க்காய் வெடித்து விழும் சத்தம் கேட்டது. கிருஷாந்த் முதலில் அசைந்தான். ராயப்பன் முன்னால் வந்து நின்றான். "அண்ணே, மன்னிச்சிருங்க. வயசு பார்க்காமப் பேசிட்டேன்," என்றான். இரண்டு நாளைக்கு முன் அவன் அவரை அண்ணே என்று கூப்பிட்டதில்லை.

"போலீஸுக்குச் சொல்றதா வேணாமான்னு நீங்கதான் சொல்லணும்," என்றார் ஹஸீப் ராயப்பனிடம்.

ராயப்பன் ரெஜினோல்டைப் பார்த்தார். "பீட்டர் மாமா கதை எனக்குத் தெரியும் தம்பி. அப்பா சாகறதுக்கு முந்தின நாள் சொன்னாரு. சொல்லிட்டு, சத்தியம் வாங்கிக்கிட்டாரு. நீ ஆறு மாசமா இங்க வந்து ஒக்காந்து எழுதுறப்பல்லாம், இந்தப் பக்கம் வந்துறக் கூடாதேன்னு ஒனக்காகத்தான் நான் பயந்தேன்."

ரெஜினோல்ட் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின.

"ஒரு வேல செய்," என்றார் ராயப்பன். "ஒன் வரலாற்றுல அந்த ஞாயித்துக்கிழமைப் பக்கத்த வெட்டிட்டுத் திருப்பி எழுது. போத்தல் கதை வேணாம். 'பீட்டர், பார்மேன்'னு போடு. அது பொய்யில்லையே. புத்தகத்த ஆகஸ்ட் 27ல விரிச்சு வெப்போம். மத்தப் பக்கத்த யாரும் பொரட்டக் கூடாதுன்னு நான் பார்த்துக்கறேன். சாவி என்கிட்டதானே."

"ஒங்க சாவிய என்கிட்ட தந்துருங்க சேர்," என்றாள் அனிற்றா. அவள் மன்னித்துவிடவில்லை. அதை மறைக்கவும் இல்லை. ரெஜினோல்ட் சாவியை மேசையில் வைத்தார்.

10.55. தோட்டத்துப் பாதையில் காரின் ஹோர்ன் கேட்டது. கிருஷாந்த் தங்க வர்ணப் பேணியையும் தூரிகையையும் தேடி ஓடினான். அனிற்றா பின்வீட்டுக்குப் போய்ப் பெட்டிகளின் கயிற்றை அவிழ்த்தாள். ஹஸீப் தன் அட்டவணையைப் பைக்குள் வைத்தார். பதினொன்றேகால் பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும்.

ராயப்பன் மட்டும் அவசரப்படவில்லை. வட்டப் பலகையை எடுத்துத் துணியால் துடைத்தார். இருபதை மேலே வைத்து, அது நேராக இருக்கிறதா என்று இரண்டடி தள்ளி நின்று பார்த்துவிட்டு, விருந்தாளிகளுக்குக் கதவைத் திறக்கப் போனார்.